சங்கிசையும் பதினேழாம் எண்ணும்

சங்கு விட்டு விட்டு ஊதியது.

எம். புதுப்பட்டிக்கு மேற்கே, கருவேலங்காட்டை ஒட்டி இருக்கும் அந்தப் பட்டாசுக் கம்பெனியில் சங்கு என்றால் சைரன். நீளமாக ஒருமுறை ஊதினால் வேலை தொடங்குகிறது, அல்லது சாப்பாடு, அல்லது வீட்டுக்குப் போகலாம். விட்டு விட்டு ஊதினால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும்.

சொர்ணலட்சுமிக்குச் சங்கு கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பாண்டிமீனாவின் குதிகால் அவள் கணுக்காலில் வந்து இடித்தது. எழுந்து ஓடினாள். முதலிலும் ஓடவில்லை, கடைசியிலும் ஓடவில்லை. எட்டு வருடமாகவே அவள் நடுவில்தான் ஓடுகிறாள். நடுவில் ஓடுகிறவளை யாரும் கவனிப்பதில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் பக்கத்து ஷெட் வெடித்தபோது அவளுடைய இடது காது முழுதாகப் போயிற்று. வலது காதில் பாதி மிச்சம். எதிரே நின்று பேசினால் கேட்கும், தூரத்துச் சங்கு கேட்காது. வாசல் கேட்டில் தொங்கும் பலகையில் பதினோராவது விதி, சங்கு கேட்காதவர்கள் வெடிமருந்து ஷெட்டில் உட்காரக் கூடாது என்கிறது. அதனால் அவள் காது விவகாரம் பாண்டிமீனாவின் குதிகாலுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். விருதுநகரில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும் மகள் ஸ்ரீமதிக்குக்கூட, அம்மா கொஞ்சம் மறதிக்காரி என்றுதான் நினைப்பு.

அன்றைக்கு எந்த ஷெட்டும் வெடிக்கவில்லை. வெள்ளைக் கார் மூன்று வந்திருந்தது. முதல் காரின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் 'அகில இந்திய' என்று இருந்ததை மட்டும் படித்த கேட்காரர் கருத்தப்பாண்டி, இன்ஸ்பெக்ஷன் என்று முடிவு கட்டிச் சங்கை அமுக்கிவிட்டார். ஒரு ஷெட்டுக்கு நான்கு பேர்தான் இருக்கலாம் என்பது சட்டம். எட்டுப் பேர் இருப்பது சீசன். மிச்ச நான்கு பேர் கருவேலங்காட்டுக்குள் ஓடி முள்ளில் நிற்பது பழக்கம்.

அரை மணி நேரம் முள்ளில் நின்ற பிறகுதான் மீதி எழுத்துகளையும் படித்துவிட்டு வந்து கருத்தப்பாண்டி சொன்னார்.

"ஏத்தா, எல்லாரும் வாங்க. இசை உளவியல் வரலாற்றுக் களகமாம். கவர்மெண்டு இல்ல."

"அப்படின்னா என்ன சாமான் செய்றாக?" என்று கேட்டாள் பாண்டிமீனா.

"தெரியல. கையில ஒரு இரும்புக் கவட்டை வச்சிருக்காரு. அதைத் தட்டித் தட்டி மொதலாளி காதுல வைக்காரு."

அந்த இரும்புக் கவட்டையை, அதாவது சுருதி பார்க்கும் இசைக்கவையை, வைத்திருந்தவர் முனைவர் சூர்யபிரகாஷ், கழகத்தின் நிறுவனர், தலைவர், பொருளாளர். கழகத்தின் தலைமையகம் விருதுநகரில் ஒரு பருப்பு மில்லின் மாடியில் இருந்தது. உலகில் இசை உளவியலுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது, அந்த வரலாற்றில் விருதுநகர் மாவட்டம் இல்லை. இந்த அநீதியைக் களைவதற்காகவே கழகம் தோன்றியது. பட்டாசு முதலாளி ராஜபாண்டியன் அதற்குப் புரவலர் ஆனார். வருகிற தீபாவளிக்கு இருநூறு கம்பெனிகளுக்குக் காலண்டரோடு சேர்த்துக் கொடுக்க அவருக்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது.

தொடக்க விழாவில் முதல் சிக்கல் குத்துவிளக்கு. மங்கலமாகத் தீபம் ஏற்ற வேண்டும் என்றார் சூர்யபிரகாஷ். பட்டாசுக் கம்பெனிக்குள் தீக்குச்சி கொண்டுவந்தால் நானே உங்களைப் போலீஸில் கொடுக்க வேண்டி வரும் என்று பணிவாகச் சொன்னார் ராஜபாண்டியன். பேட்டரி விளக்கு வைக்கலாமா என்று பார்த்தார்கள். பேட்டரியும் கூடாது. கடைசியில் காலண்டர் அச்சகத்திலிருந்து குத்துவிளக்குப் படம் ஒன்று வந்தது. அதற்கு முன்னால் நின்று, இல்லாத மெழுகுவர்த்தியை விரல்களில் பிடித்தபடி ஐந்து முகத்தையும் ஒவ்வொன்றாக ஏற்றினார் தலைவர். ஒரு முகம் அணைந்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது போலும், திரும்பவும் ஏற்றினார். பெண்கள் கை தட்டினார்கள்.

பிறகு பேசினார்.

"நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி ஜெர்மனியிலே ஒருத்தர் உருண்டைக் குடுவைகளைக் காதில் வைத்து ஒலியைப் பிரித்தார். அது முதல் கட்டம். நூறு வருஷத்துக்கு முந்தி அமெரிக்காவில் ஒருத்தர் இசைத்தட்டைப் போட்டு, பிள்ளைகளுக்கு இசை ஞானம் இருக்கா இல்லையான்னு மார்க் போட்டார். அது இரண்டாம் கட்டம். உலக யுத்தத்தில் இங்கிலாந்துத் தொழிற்சாலைகளுக்கு வேலை நேரத்தில் ரேடியோவில் பாட்டு ஒலிபரப்பினார்கள். அது மூன்றாம் கட்டம். நான்காவது கட்டம் இப்போது உங்கள் முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறது."

நான்காவது கட்டத்துக்கு ராஜபாண்டியன் பொன்னாடை போர்த்தினார். ராஜபாண்டியனுக்கு நான்காவது கட்டம் பொன்னாடை போர்த்தியது. இரண்டும் ஒரே பொன்னாடை என்பதை முன்வரிசையில் இருந்தவர்கள் கவனித்தார்கள்.

மறுநாள் கேள்வித்தாள். கழகத்தின் ஆய்வாளர் அருணாதேவி கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். முப்பது வயது இருக்கும். எல்லாருக்கும் ஒரு எண் கொடுத்தாள். சொர்ணலட்சுமிக்குப் பதினேழு.

"பேரு வேண்டாமா?" என்று கேட்டாள் சொர்ணலட்சுமி.

"வேண்டாங்க்கா. பேரே வராது. பதினேழாம் எண் பங்கேற்பாளர், அம்புட்டுத்தான். நானும் சாத்தூர்க்காரிதான்க்கா, பயப்படாமப் பேசுங்க. தினமும் நீங்க கேக்குற இசைக்கருவி எது?"

"சங்கு."

அருணாதேவியின் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதியது.

"ஸ்வரம் தெரியுமாக்கா?"

சொர்ணலட்சுமி வலது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டாள்.

"சரமா? நல்லாக் கேட்டீக. இருவது வருசமா அதுதான பின்னுனேன். ஆயிரம், அஞ்சாயிரம், பத்தாயிரம் வரைக்கும் ஒத்தையாளாப் பின்னுவேன். சரவெடிக்கு கோர்ட்டுல தடை போட்ட பெறகு விட்டாச்சு. இப்பத் திரி செருகுறேன்."

அதுவும் எழுதப்பட்டது. அன்று மாலை சூர்யபிரகாஷ் குறிப்பேட்டைப் புரட்டியபோது அவர் கண் கலங்கியது. நாற்பது பெண்களும் தினமும் சங்கிசை கேட்கிறார்கள். அதில் ஒருத்தி பத்தாயிரம் ஸ்வரங்கள் அறிந்தவள், நீதிமன்றத் தடையால் இசையைத் துறந்தவள். அத்தியாயம் ஏழுக்கு 'சங்கிசை உளவியல்' என்று அங்கேயே பெயர் வைத்தார்.

அந்தச் சங்கை நான் கேட்க வேண்டும் என்றார். கருத்தப்பாண்டி அமுக்கினார். தகரக் கூரையின் மேலிருந்து அது அலறியது. கம்பெனி முழுவதும் வெளியே ஓடியது. சூர்யபிரகாஷ் மட்டும் கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டபடி நின்றார். ஓசை அடங்கியதும் சொன்னார்:

"மரபு எப்படி இயந்திரத்துக்குள்ளே குடியேறியிருக்கு, பார்த்தீங்களா."

அடுத்த வாரம் பரிசோதனைகள். முதல் நாள், ஷெட்டுகளுக்கு வெளியே வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் நீலாம்பரி. தாலாட்டுக்கான ராகம் என்பதால் மனம் அமைதி அடைந்து உற்பத்தி கூடும் என்பது கழகத்தின் கோட்பாடு. பதினோரு மணிக்குள் ஒன்பது பேர் மருந்துத் தட்டின் மேல் தலையைச் சாய்த்துவிட்டார்கள். மறுநாள் வேகமான மேளம். பெண்களின் கையும் மேளத்தோடு ஓடியது. மருந்தை அந்த வேகத்தில் இடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்த போர்மேன் சங்கரலிங்கம், ஒலிபெருக்கி ஒயரைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவர், பிள்ளையார் கோயில் தாண்டித்தான் நின்றார். 'இசையின் மிகுதியால் ஒரு ஊழியர் பரவசமுற்று ஓடினார்' என்று பதிவாயிற்று.

மூன்றாவது பரிசோதனைதான் சங்கு. ஒவ்வொரு பெண்ணின் பின்னாலும் ஒருவர் கடிகாரத்தோடு நிற்பார். சங்கிசை மனதைத் தொட்ட கணத்துக்கும் அவள் எழும் கணத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளப்பார்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை ஊதினார்கள். பன்னிரண்டு முறையும் எல்லாரும் எழுந்தார்கள். பதினேழாம் எண் மட்டும் பன்னிரண்டு முறையும் ஒரு விநாடி தாமதம். பாண்டிமீனாவின் குதிகால் நகர்ந்து வர அவ்வளவு நேரம் ஆயிற்று.

சாப்பாட்டு நேரத்தில் அருணாதேவி அவளைத் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். வலது பக்கமாக வந்து உட்கார்ந்தாள். அந்த ஒரு காரியத்தில்தான் சொர்ணலட்சுமி விழுந்தாள். எட்டு வருடத்தில் யாரும் தானாக வலது பக்கம் வந்து உட்கார்ந்ததில்லை.

"அக்கா, எடது காது கேக்கலையா?"

சொர்ணலட்சுமி தொட்டித் தண்ணீரையே பார்த்தாள்.

"யாருட்டயும் சொல்ல மாட்டேன். எங்க அய்யாவும் தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்தவருதான். அவருக்கும் இப்படித்தான்."

அதற்குப் பிறகு சொர்ணலட்சுமி எல்லாவற்றையும் சொன்னாள். ஷெட் வெடித்தது, குதிகால், நடுவில் ஓடுவது. மகளிடம்கூடச் சொல்லாத ஒன்றையும் சொன்னாள்.

"வேலை செய்யும்போது வாய்க்குள்ளயே முனங்குவேன் தாயீ. பாட்டுன்னு இல்ல, சும்மா ம்ம்ம்னு. அப்ப மட்டும் அந்தச் செத்த காதுலயும் சத்தம் கேக்கும். ரெண்டு காதும் இருக்க மாதிரி இருக்கும்."

அருணாதேவியின் கண்ணில் தண்ணீர் வந்தது. அது பொய்யில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரகசியக் காப்புப் படிவத்தில் மூன்று பிரதிகளில் கையெழுத்து வாங்கினாள்.

இரண்டு மாதம் போயிற்று. கழகமும் காரும் போய்விட்டன. ஐப்பசி நெருங்க நெருங்க லோடு கூடியது. வெடிக்குழாய் உருட்டுவதற்கு சிவகாசி அச்சகங்களிலிருந்து கழிவுத்தாள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். மை இழுகியது, கோணலாக வெட்டியது, ஒரு பக்கம் மட்டும் அச்சானது எல்லாம் அதில் இருக்கும். நல்ல தாளாக இருந்தால் பெண்கள் இரண்டை உருவி, சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் விரித்துக்கொள்வார்கள்.

அன்றைக்குப் பாண்டிமீனா விரித்த தாள் வழவழவென்று இருந்தது.

"மதினி, கதை மாதிரி இருக்கு. வாசிக்கேன் கேளு." வலது பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். "பக்கம் எண்பத்து மூன்று. பங்கேற்பாளரின் அடையாளம் முற்றிலும் மறைக்கப்பட்டுள்ளது. பதினேழாம் எண், வயது நாற்பத்து நான்கு, எம். புதுப்பட்டியைச் சேர்ந்தவர். மேற்கு வரிசையில் ஒன்பதாம் ஷெட்டில் வாசலைப் பார்த்து அமர்ந்து திரி செருகுபவர். இடது புருவத்தின் மேல் தீக்காயத் தழும்பு உண்டு. மகள் விருதுநகரில் பயில்கிறார்..."

பாண்டிமீனாவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. சுற்றி இருந்த பதினைந்து பேரும் சொர்ணலட்சுமியின் இடது புருவத்தைப் பார்த்தார்கள்.

"மேல வாசி," என்றாள் சொர்ணலட்சுமி.

"வேண்டாம் மதினி."

"வாசிங்கேன்ல."

"இவருக்கு இடது செவிப்புலன் முற்றிலும் இல்லை. சங்கிசை இவரை எட்டுவதில்லை. இதைக் கடந்த எட்டு ஆண்டுகளாக நிர்வாகத்திடம் மறைத்து வருகிறார். அருகில் அமர்பவரின் குதிகாலே இவருக்குச் சங்கு."

தொண்டைக்குள் முனகுவதும் இருந்தது. செத்த காது என்ற வார்த்தைகூட மேற்கோள் குறிக்குள் அப்படியே இருந்தது. தாளின் பின்பக்கத்தில் சைரன் கோயில் சங்காகவும், வெடிச் சரம் பாட்டாகவும், சங்கரலிங்கத்தின் ஓட்டம் பரவசமாகவும் இருந்தன. சொர்ணலட்சுமி சோற்றை மூடினாள். வெடி வெடித்த அன்றுகூட இப்படி இல்லை. அன்று யார் செய்தார்கள் என்று கோபப்பட ஆள் இல்லை.

சாயங்காலம் ராஜபாண்டியன் கூப்பிட்டனுப்பினார். மேசையில் அதே தாள் இருந்தது. பத்துத் தாள் இருந்தது. கட்டு முழுதும் அந்தப் பக்கம்தான்.

"உக்காரும்மா சொர்ணம். இந்தப் பக்கம் உக்காரு, கேக்கும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு எட்டு வருசமாத் தெரியும். அன்னிக்கு ஒன்னைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது நம்ம வேனுதான? டாக்டர் என்ட்டத்தான் மொதல்ல சொன்னாரு. ஒன் கை மாதிரி திரி செருக யாரு இருக்கா? அதான் நானும் கண்டுக்கிடல."

"அப்பச் சரி மொதலாளி. தெரிஞ்சதுதான..."

"தெரிஞ்சது வேறம்மா. அச்சுல வந்தது வேற. தெரிஞ்சது எனக்கும் ஒனக்கும் உள்ளது. அச்சுல வந்தா இன்ஸ்பெக்டர் படிப்பான். எனக்குத் தெரியாதுன்னு நான் சொல்லணும்னா, தெரிஞ்ச அன்னிக்கே ஒன்னைய வெளிய அனுப்பியிருக்கணும். தெரிஞ்ச அன்னிக்குங்கது இன்னிக்குத்தான்."

"லேபிள் ஒட்டுற எடத்துல போடுங்க. அங்கன மருந்து கெடையாதே."

"நானும் அதான் நெனச்சேன். அந்தாளு பரிந்துரைன்னு ஒண்ணு போட்டிருக்காரு பாரு." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "சங்கிசையை முழுமையாகத் துய்க்க இயலாதவர்கள் வளாகத்தின் எப்பிரிவில் இருப்பினும், ஏனையோரின் ரசனை பாதிக்கப்படும். எப்பிரிவில் இருப்பினும்னு எளுதிட்டான். அதுக்குக் கீள என் போட்டோ இருக்கு, வாழ்த்துரை. நான் வாழ்த்துன புஸ்தகத்தை நானே மீற முடியுமா?"

சொர்ணலட்சுமி தாளில் இருந்த அவர் போட்டோவைப் பார்த்தாள். ராஜபாண்டியனுக்கே என்னவோபோல் ஆகிவிட்டது.

"ஒண்ணு செய். இன்னும் பைண்டிங் ஆகல. அந்த ஒத்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லிட்டு வா. இல்ல, அது தப்புன்னு ஒரு வரி அடிச்சு ஒட்டச் சொல்லு. மறுநாள் வேலைக்கு வந்துரு. எடுக்கலேன்னா இருநூறு கம்பெனிக்கும் காலண்டரோட போயிரும். பெறகு சுத்துவட்டாரத்துல எவனும் ஒன்னையச் சேக்க மாட்டான்."

"நீங்க ஒரு போன் போட்டுச் சொன்னா..."

"நான் சொன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குன்னு ஆயிரும்லம்மா."

மறுநாள் காலை பஸ்ஸில் விருதுநகர் போனாள். பருப்பு மில்லில் எந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் கழகத்தின் மாடிப்படி லேசாக ஆடியது. மேலே சூர்யபிரகாஷ் வெளியீட்டு விழா அழைப்பிதழில் தன் பெயருக்கு முன்னால் இன்னும் இரண்டு பட்டங்களுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். அருணாதேவி பக்கத்து மேசையில் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். சொர்ணலட்சுமியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

தாளை விரித்துக் காட்டி, விஷயத்தைச் சொன்னாள் சொர்ணலட்சுமி. முழுதும் கேட்டார் தலைவர். ஆர்வமாகக் கேட்டார். நடுவில் ஒருமுறை குறிப்பும் எடுத்துக்கொண்டார்.

"அம்மா, உங்க பேரை எங்கேயாவது போட்டிருக்கோமா?"

"பேரைத் தவிர எல்லாம் போட்டிருக்கீகளே அய்யா."

"அதுதான் ஆய்வு நெறி. பேர் கூடாது, மற்றதெல்லாம் துல்லியமா இருக்கணும்."

"அந்த ஒரு பக்கத்தை எடுத்துருங்கய்யா. எனக்கு வேலை போயிரும்."

சூர்யபிரகாஷ் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"ஒரு பக்கத்தை எடுத்தா பக்க எண் மாறும். பக்க எண் மாறினா பொருளடக்கம் மாறும். பொருளடக்கம் மாறினா, அத்தியாயம் ஏழு எங்கே ஆரம்பிக்குதுன்னு வருங்காலத்துக்குத் தெரியாமப் போயிடும். வரலாறும்மா இது. ஜெர்மனிக்காரர் குடுவையை யாராவது பாதியிலே வாங்கிட்டாங்களா? ஒரு விஞ்ஞானத்துக்கு எத்தனையோ பேர் எதையெதையோ கொடுத்திருக்காங்க. நீங்க ஒரு பக்கம் கொடுத்திருக்கீங்க. விழாவுக்கு வாங்க, மேடையில பொன்னாடை போர்த்துறோம். பேர் சொல்ல மாட்டோம், பதினேழுன்னு கூப்பிடுவோம்."

"எடுக்க வேண்டாம். நான் சொன்னது தப்புன்னு ஒரு வரி..."

"அதை அருணாதேவிகிட்டக் கேளுங்க. உண்மை சரிபார்ப்பு அவங்க பொறுப்பு." சொல்லிவிட்டுப் புகைப்படக்காரருக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். வாசலில் திரும்பி, இரும்புக் கவட்டையையும் எடுத்துக்கொண்டார்.

அருணாதேவி எழுந்து வந்து, பழக்கம் போல வலது பக்கமாக உட்கார்ந்தாள். சொர்ணலட்சுமி நாற்காலியோடு திரும்பி அவளை நேருக்கு நேர் பார்த்தாள்.

"சங்குன்னா என்னன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்க்கா."

"சரம்னா?"

"தெரியும்."

"சாத்தூர்க்காரிக்குத் தெரியாம இருக்குமா. சைரனைக் கோயில் சங்குன்னு அந்தாளு எளுதும்போது பேசாமத்தான இருந்த. வெடிச் சரத்தைப் பாட்டுன்னு எளுதுனப்பவும் பேசாமத்தான இருந்த. சங்கரலிங்கம் அண்ணாச்சி ஒயரைப் பிடுங்கிட்டு ஓடுனதைப் பரவசம்னு எளுதுனப்பவும் நீ திருத்தல. அம்புட்டுப் பொய்யோட பொய்யா, எனக்குக் காது நல்லாக் கேக்கும்னு ஒத்த வரி எளுதிக் குடு தாயீ. எனக்கு அது போதும்."

அருணாதேவி கையிலிருந்த பிழைதிருத்தப் பேனாவை மூடினாள்.

"அதை மட்டும் கேக்காதீகக்கா. அந்தப் புஸ்தகத்துலயே உண்மையா இருக்கது நீங்க சொன்னது ஒண்ணுதான்."